ஈரோட்டிலிருந்து வடவள்ளிக்கு: பெரிய பவளத் தொட்டியை இடம் மாற்றித் தரும் சேவை குறித்து

ஆறடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டியை அதிலுள்ள உயிர்களுடன் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டுமானால், நம் கொங்கு வட்டாரத்தில் அந்த வேலையை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்கள் மிகச் சிலரே. எங்கள் தொட்டியை ஈரோட்டு வாடகை வீட்டின் முதல் மாடியிலிருந்து கோவை வடவள்ளியில் கட்டிய சொந்த வீட்டின் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தவர்கள், கோவையிலிருந்து இயங்கும் ஒரு சிறு குழுவினர். அவர்களுக்குப் பெயர்ப்பலகை வைத்த கடை கிடையாது. திருப்பூர், பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் அவர்களைத்தான் கைகாட்டுகிறார்கள். நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, வண்டி வருவதற்கு முன்பே அவர்கள் செய்து முடித்த ஏற்பாடுகளுக்கும், வண்டி போன பிறகு திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொண்டதற்கும் உரியது என்பது என் கணிப்பு. தூக்கி இறக்குவதற்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கண்ணாடியின் கனம் 15 மில்லிமீட்டர். வெறும் கண்ணாடி மட்டுமே 150 கிலோவுக்கு மேல் இருக்கும். தொட்டியிலும், நீரைச் சுத்திகரித்து மேலேற்ற அதன் கீழே வைத்திருக்கும் சம்ப் என்ற சிறு தொட்டியிலுமாக ஏறத்தாழ 700 லிட்டர் உப்புநீர் ஓடுகிறது. பாறை, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் எடை ஒரு டன்னைத் தாண்டும். இவ்வளவு எடையும் பன்னிரண்டு சதுர அடி இடத்தில் நிற்கிறது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம் என்ற கணக்கைத்தான் நம் நாட்டுக் கட்டடத் தரவிதிகள் சொல்கின்றன. எங்கள் தொட்டி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. அந்தக் குழுவினர் முதல்முறை பார்க்க வந்தபோது மீன்களைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, புது வீட்டில் தொட்டி வைக்கப்போகும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தரைத்தளம், கீழே மண் இட்டு இறுக்கிய தளம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. மாடியில் வைப்பதாக இருந்தால் பொறியாளரிடம் எழுத்தில் கருத்து வாங்கி வரச் சொல்வார்களாம். அது சரியான வழக்கம்.

அவர்களது இரண்டாவது கேள்வி பவளங்களைப் பற்றியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், கல் போன்ற கூட்டை வளர்க்கும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும், கடல்விசிறிகளும் 2001இல் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளத்தையோ, செத்த பவளக் கல்லையோ எடுத்துவந்து தொட்டியில் வைப்பது குற்றம். எங்களிடம் இருப்பவை லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ், ஜீனியா போன்ற மென்பவளங்களும், பூப்போல விரியும் கடலுயிரான ஓர் அனிமோனும்தான். பாறைகள் அனைத்தும் செயற்கையாகச் செய்யப்பட்டு, தொட்டிக்குள்ளேயே காலப்போக்கில் உயிர் ஏறியவை. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, படமும் எடுத்துக்கொண்ட பிறகே அவர்கள் வேலையை ஏற்றார்கள். கல்பவளம் உள்ள தொட்டிக்கு உரிய ஆவணம் காட்டாவிட்டால் கை வைப்பதில்லை என்பதை அவர்கள் தயங்காமல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடலை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு கடலைச் சுரண்டும் வேலைக்கு நம் பொழுதுபோக்கு துணைபோகக் கூடாது. க்ளவுன் மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிக் கொடுத்திருக்கும்போது, கடலிலிருந்து பிடித்துவந்த க்ளவுன் மீனை வாங்குவதற்கும் இனி நியாயம் இல்லை.

இனி ஏற்பாடுகள். இந்த வேலையின் உயிர்நாடி, தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள். மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதாம். அவை தண்ணீரில் மிதப்பதைவிடப் பாறையின் நுண்துளைகளிலும் மணலின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்வதே மிகுதி. பாறை காய்ந்துபோனால், அல்லது அதன் மேலுள்ள கடற்பஞ்சுகள் காற்றுப்பட்டுச் செத்தால், புது வீட்டில் தொட்டியை எவ்வளவு அழகாக நிறுவினாலும் அடுத்த நாளே அமோனியா ஏறத் தொடங்கிவிடும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அமோனியாவின் நச்சு கடுமையானது; பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவில் நச்சாக உள்ள பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது. குழுவின் மூத்தவர் இதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "கண்ணாடியத் தூக்கறது பெரிய வேலை இல்லீங்கண்ணா, கல்லுல இருக்கற உசுரக் காப்பாத்தோணும், அதுக்குத்தான் நாங்க வர்றமுங்க."

புதுநீரைத் தயாரித்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய நீரில் சுமார் 400 லிட்டரை எடுத்துச் செல்வது, மீதி 300 லிட்டரைப் புது வீட்டிலேயே முன்கூட்டிக் கலந்து வைப்பது என்பது திட்டம். சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்களுக்கு இருக்கும் பெருமிதம் நியாயமானதே. ஆனால் குழாயில் வரும் எந்த நீரிலும் குளோரின் இருக்கும், சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருக்கலாம். பவளத் தொட்டிக்கு அது நேரடியாக ஆகாது. ஆர்.ஓ. கருவியும், அதற்குப் பின்னால் அயனிகளை நீக்கும் ரெசின் உருளையும் பொருத்தி, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின்) அளவு பூஜ்ஜியம் காட்டிய நீரில்தான் உப்பைக் கலந்தார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் என்ற கணக்கில் 11 கிலோ அளவுக்கு உப்பு ஆனது. கலந்த உடனே ஊற்றாமல், பம்ப் வைத்து ஒரு முழுநாள் சுழலவிட்டு, வெப்பநிலையை 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைத் திட்டக் கரைசலில் சரிபார்த்த பிறகு ஒப்படர்த்தி 1.025 என்று உறுதிசெய்தார்கள். அதோடு நிற்காமல், ஈரோட்டில் இருந்த பழைய நீரின் ஆல்கலினிட்டியை (பி.எச். மாறாமல் தாங்கும் திறனை) அளந்து, புதுநீரின் அளவையும் அதனோடு பொருந்தச் செய்தார்கள். உப்பின் அளவு ஒன்றாக இருந்தும் ஆல்கலினிட்டி திடீரென்று மாறுவதால் பவளங்கள் சுருங்கிப்போவது உண்டு. இந்த ஒரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரோட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் அடிக்கடி தீர்ந்துகொண்டிருந்த ரெசின், இங்கே நெடுநாள் தாங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தேதியை முடிவு செய்யும்போது அவர்கள் கேட்ட இன்னொன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் வருகிறது என்பது. இரு ஊர்களின் துணைமின் நிலைய அறிவிப்புகளையும் பார்த்து, இரண்டிலும் மின்தடை இல்லாத நாளைத் தேர்ந்தார்கள். பாறைகள் புதிதாக அடுக்கப்பட்டு, பாக்டீரியாக்கள் நிலைகொள்ளாத முதல் நாளில் காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் மாலைவரை வரவில்லை என்றால், நீரில் ஆக்சிஜன் குறைந்து ஒரே நாளில் எல்லாம் போய்விடும். மார்கழிக் குளிரில் மாற்றியதும் அவர்கள் யோசனையே. ஈரோட்டு வெயிலில், சித்திரையில் இதைச் செய்திருந்தால், வண்டியில் நீர் சூடேறுவதைத் தடுக்கவே தனிச் செலவு ஆகியிருக்கும்.

மாற்றும் நாளன்று விடியுமுன்னே தொடங்கினார்கள். முந்தைய நாள் முழுவதும் மீன்களுக்கு உணவு போடவில்லை. வயிறு காலியாக இருந்தால் வழியில் நீர் கெடாது. முதலில் மேல்நீர். முதல் மாடியிலிருந்து கேன்களில் சுமந்து இறக்காமல், நீண்ட ஹோஸைப் பால்கனி வழியாகக் கீழே விட்டு, வண்டியின் மேல் நிறுத்தியிருந்த உணவுத்தர நீல டிரம்களுக்கு நேரடியாக இறக்கினார்கள். மேலே ஒருவர் ஹோஸின் வாயில் மெல்லிய வலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே இன்னொருவர் டிரம் நிறையும் நேரத்தில் குரல் கொடுக்க, படிக்கட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் 400 லிட்டரும் இறங்கியது.

அடுத்தது பாறைகளும் பவளங்களும். இங்கே நான் கண்ட கவனம் வேறெங்கும் கண்டதில்லை. ஜோவாந்தஸ் ஒட்டியிருக்கும் கற்களைத் தொடும் முன் இருவரும் நீளமான ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டார்கள்; என் மகளை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார்கள். ஜோவாந்தஸ் இனங்களில் சில சுரக்கும் பாலிடாக்ஸின், இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நச்சுகளுள் ஒன்று. நீருக்கு மேலே தூக்கும்போது அவை சுருங்கி நீரைப் பீய்ச்சும். அது கண்ணில் பட்டாலோ, விரலில் உள்ள கீறலில் பட்டாலோ மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். இத்தகைய கற்களைச் சுத்தம் செய்வதாக எண்ணி வெந்நீர் ஊற்றியவர்களும், வீட்டுக்குள் பிரஷ் போட்டுத் தேய்த்தவர்களும், அந்த ஆவியையும் துளிகளையும் சுவாசித்து வீட்டோடு நோய்ப்பட்ட நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. தொட்டி வைத்திருக்கும் நம்மவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

லெதர் பவளத்தைத் தனி வாளியில் வைத்தார்கள். அது வெளியிடும் வேதிப்பொருள்கள் மற்றவற்றைச் சுருங்க வைக்கும். அனிமோனை அதன் பாதம் பிடித்திருந்த கல்லிலிருந்து பிரிக்காமல் கல்லோடு எடுத்தார்கள். பாதத்தைப் பிய்த்தெடுத்தால் கிழிந்து அழுகும். ஓர் அனிமோன் செத்தால் தொட்டி நீர் முழுவதும் கெடும். பவளம் இல்லாத பாறைகளை, நாள்பட்ட ஈரோட்டு ஈரிழைத் துண்டுகளைத் தொட்டி நீரிலேயே நனைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றித் தெர்மகோல் பெட்டிகளில் அடுக்கினார்கள். புதுத் துண்டு கூடாதாம், கஞ்சியும் சாயமும் இருக்குமென்று. சோப்புப் போட்டுத் துவைத்ததும் கூடாதாம். "தம்பி, கல்லு காயக்கூடாது சாமி, துணியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்க" என்று மூத்தவர் இளையவரிடம் சொன்னது, வண்டி பெருந்துறையைத் தாண்டும்வரை இரண்டு மூன்று முறையாவது கேட்டது.

மீன்களைக் கடைசியில்தான் பிடித்தார்கள். பாறை இருக்கும்போது துரத்தினால் மீன் களைத்துப் போகும், பவளமும் சிதையும். பாறையெல்லாம் போய், நீர் முழங்கை அளவுக்கு இறங்கிய பிறகு வலையும் டப்பாவுமாகச் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. டாங் மீன்களின் வாலடியில் கத்தி போன்ற முள் இருப்பதால் அவற்றைப் பையில் போடாமல் மூடி உள்ள வாளிகளில் தனித்தனியே விட்டு, ஒவ்வொன்றுக்கும் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் பொருத்தினார்கள்.

மணலை எடுத்துச் செல்லவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்த மணலைக் கிளறியபோது கண்ணாடியோரத்தில் கரும்பட்டையாகத் தெரிந்த அடியடுக்கிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதே மணலை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டுவதுதான் இடமாற்றத்தில் மீன்கள் சாவதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று. மேற்பரப்பு மணலில் ஒரு கிண்ணம் மட்டும் விதையாக எடுத்துக்கொண்டு, மீதியைத் தள்ளிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு. எங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றிய நிறுவனத்தார், தொட்டியில் கால்பங்கு நீரும் மணலும் இருக்கும்படியே தூக்கி வண்டியில் வைத்துவிடலாம் என்றும், அதற்குக் கூடுதலாக ஒரு சிறு தொகை போதும் என்றும் சொன்னார்கள். கேட்பதற்கு மலிவு, நடந்திருந்தால் தொட்டியே மிஞ்சியிருக்காது. கண்ணாடிகளைப் பிணைக்கும் சிலிக்கான் பசை, நின்ற இடத்தில் நிற்கும் நீரின் அழுத்தத்தைப் பல ஆண்டுகள் தாங்கும். தொட்டி முறுக்கிக்கொள்வதையும், உள்ளே நீர் அலைபாய்ந்து ஒரு பக்கம் மோதுவதையும் தாங்காது. கோவைக் குழுவினர் தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, கண்ணாடிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் வேக்கம் கப்புகளால் அடிக்கண்ணாடியின் பாரம் தாங்கும்படி பிடித்து, தொட்டியைவிடப் பெரிய ப்ளைவுட் பலகையின் மேல், இடையில் மெத்தை விரித்து ஏற்றினார்கள். மேல் விளிம்பில் உள்ள கண்ணாடிப் பட்டிகளை யாரும் தொடவில்லை.

தொட்டிக்கு ஒரு பெரிய வண்டி, நீருக்கும் உயிர்களுக்கும் இரண்டு குட்டியானை வண்டிகள். விஜயமங்கலம், செங்கப்பள்ளி, அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாக நெடுஞ்சாலையில் நிதானமாக வந்து, கோல்டுவின்ஸில் மேம்பாலம் ஏறி உப்பிலிபாளையத்தில் இறங்கியதால், அவிநாசி சாலையின் சிக்னல்களில் நின்று நின்று கிளம்பும் குலுக்கல் இல்லாமல் போனது.

வடவள்ளியில் முன்கூட்டியே தாங்கியை நிறுத்தி, நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்து வைத்திருந்தார்கள். தொட்டியை வைத்ததும் கடல்நீரை ஊற்றவில்லை. சாதாரண நீரைச் சம்ப்பிலும் குழாய்களிலும் ஓடவிட்டு, குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு யூனியனிலும், நீரைத் திறந்து மூடும் ஒவ்வொரு வால்விலும் விரலால் தடவிக் கசிவு பார்த்தார்கள். ஓரிடத்தில் ஈரம் பட்டது, அங்கிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். அதன் பிறகே பாறை, பழைய நீர், புதுநீர், கழுவிய மணல் என்ற வரிசையில் நிரப்பினார்கள். நீர் தெளிந்து, வெப்பம் 26 டிகிரியில் நின்ற பிறகு மீன்கள் உள்ளே போயின. அன்று விளக்கை ஏற்றவேயில்லை. அடுத்த சில நாள்களுக்கும் வழக்கமான வெளிச்சத்தில் கால்பங்கில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டச் சொன்னார்கள். லெதர் விடும் வேதிப்பொருளை உறிஞ்சக் கார்பன் பையும் போட்டார்கள்.

பணத்தின் மதிப்பு தெரிந்தது அதற்குப் பிறகுதான். முதல் வாரம் முழுவதும் காலையும் மாலையும் அமோனியா சோதனை செய்து நிறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள்; சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாகத் திரும்பத் தொடங்கினால் எந்த நேரமானாலும் வருவதாகச் சொல்லி, அதற்கென்று 100 லிட்டர் புதுநீரையும் கலந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாலை இலேசான பச்சை தெரிந்தது. இரவு உணவு நேரத்துக்குள் வந்து நீரை மாற்றி, மறுநாளும் வந்து அளந்தார்கள். மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஜீனியாவின் ஒரு கொத்து மட்டும் கரைந்துபோனது; அது இடமாற்றத்தை எளிதில் தாங்காத இனம். லெதர் நெடுநாள் மூடியே கிடந்து, மேலே மெழுகு போன்ற ஏட்டை உரித்த பிறகு விரிந்தது. அது அதன் இயல்பு, நோயன்று.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவதும் மிகப் பெரியதும் மின்இணைப்பு. சம்ப்புக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வான இடத்தில் பிளக் போர்டை வைத்து, ஒயர்களை நேராக அதில் செருகிவிட்டுப் போனார்கள். உப்புநீர் ஒயரின் வழியே வழிந்தால் நேரே பிளக்கில் போய் இறங்கும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறிச் செருகப்பட்டிருந்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடல்நீர்த் தொட்டி வேலை செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி. எங்கள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து போர்டைச் சுவரில் உயரத்தில் மாற்றி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சையும் போட்ட பிறகே நான் நிம்மதியாகத் தூங்கினேன். பாறைக்கும் மீனுக்கும் காட்டிய கவனத்தில் பாதியை இதில் காட்டியிருந்தாலும் போதும். இதை அவர்களிடமும் நேரில் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, மதிப்பீட்டை வாய்மொழியாகவே சொன்னார்கள். உப்பு, புது மணல், குழாய்ச் சாமான்கள் தனிக் கணக்கு என்பது பில் வந்த பிறகே தெளிவானது. தொகை நியாயமானதுதான், ஆனால் முன்பே தாளில் எழுதியிருந்தால் பேச்சுக்கு இடமிருந்திருக்காது. மூன்றாவது, வழியில் கண்ணாடி உடைந்தால் பொறுப்பேற்பதில்லை என்கிறார்கள். இவ்வளவு கவனமாகத் தூக்குபவர்கள், பொறுப்பில் ஒரு பங்கையாவது ஏற்கலாம்.

நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், மூன்றடிக்குட்பட்ட சிறிய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சேவை தேவையில்லை. விவரம் தெரிந்த நண்பர்கள் இருவர் துணையோடு நீங்களே செய்துவிடலாம். நான்கடிக்கு மேல், பவளங்களோடு, ஊர்விட்டு ஊர் மாற்றுவதென்றால் இவர்களை அழைக்கத் தயங்க வேண்டாம். அழைக்கும்போது மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். புது வீட்டின் மின்இணைப்பை உங்கள் எலக்ட்ரீஷியனைக் கொண்டு தொட்டி வருமுன்னே முடித்துவிடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் தொலைதூர வேலைகளை அவர்கள் எடுப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் வீடு மாறுபவர்கள் மிகுதி என்பதால், தை மாதத்துக்குக் கார்த்திகையிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.